பச்சை தீர்ந்த வாரம்

பெகு ரயிலடிக்கு எதிரே
படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவன் நான்.
சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம்.
ஓர் ஓரத்தில் சாயக் குழாய்களும் வைத்திருந்தேன்.
வாங்க ஒரே ஆள்.

வெள்ளையப்பன்.
அரிசி ஆலையில் மூட்டை எண்ணும் வேலை.
படத்தின் மூலையில் எழுதுவது
கோ ட்வே என்ற பர்மியப் பெயர்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்.

வண்டி அச்சுக்கு எண்ணெய் விடும் கை,
வரப்பில் கவிழ்த்த சோற்றுப் பாத்திரம்,
மழைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுக்
குனிந்து நடும் ஏழு முதுகுகள்.
முகம் ஒன்றுகூட இருக்காது.
"மூஞ்சியை வரைஞ்சா யாருன்னு கேப்பாங்க,
முதுகை வரைஞ்சா என்ன வேலைன்னு கேப்பாங்க" என்பான்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை
பச்சை கேட்டான்.
தீர்ந்துவிட்டது,
ரங்கூன் வண்டியில் புதன்கிழமை வரும் என்றேன்.
"அதுக்குள்ள நடவு முடிஞ்சிடுமே."
இருந்த நீலத்தை எடுத்துக்கொண்டு போனான்.
கடன்தான்.

நாற்று நீலமானது அப்படித்தான்.

ஒரு தேயிலை வியாபாரி கையோடு
படம் ரங்கூன் போனது.
எந்தச் சுவரில் தொங்கியதோ, யார் கண்ணில் பட்டதோ,
அடுத்த மழைக்கு
சட்டம் அடிக்க வந்த மூன்று படங்களில் நாற்று நீலம்.
அதற்கடுத்த வருஷம் எருமையும் நீலம்.
மோல்மேன்காரன் ஒருவன்
வானத்தைப் பச்சையாக்கிக் கொண்டுவந்தான்,
மிச்சப்பட்டதை எங்காவது கொட்டவேண்டுமே.

படித்தவர்கள் கடையில் நின்று பேசினார்கள்.
நீலம் துயரமாம்.
நீலம் வெள்ளத்தில் முங்கிய காலமாம்.
ஒருவர் நாட்டைப் பற்றி என்னவோ சொல்ல வந்து
வாசலைத் திரும்பிப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.
என் உதட்டிடுக்கில் நாலு ஆணிகள்.
ஆணியை வாயில் வைத்துக்கொண்டு
யாரும் பேசுவதில்லை.

புதன்கிழமைப் பச்சையில்
வெள்ளையப்பன் வரைந்த படத்தை
வாங்கிப் போனவரே திருப்பிக் கொண்டுவந்தார்.
இது கோ ட்வே மாதிரி இல்லையே என்றார்.
அவன் அப்போது கடைக்குள்தான் இருந்தான்,
சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டு.
"ஆமாங்க, இல்லைதான்" என்றான்.

நீலப்படம் ஒருமுறை
கண்ணாடி உடைந்து என்னிடமே வந்தது.
அன்றைக்குத்தான் மகன் துறவாடை பூண்ட படத்துக்குச்
சட்டம் கேட்டு வந்தாள் செங்கமலம்.
நடவாள். முழங்கால்வரை சேறு.
"மூணாவது முதுகு நான்" என்றாள்.
எப்படித் தெரியும்?
"நாத்துமுடியைப் பாருங்க.
மூங்கில் நாரை இடது பக்கமாத் திரிச்சிருக்கு.
எங்க வரிசையிலே இடதுகைக்காரி
நான் ஒருத்திதான்."
நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சட்டத்துக்கு முந்நூறு சாட் குறைக்கச் சொல்லிப்
பேரம் பேசிவிட்டுப் போனாள்.

கண்ணாடி மாற்றும்வரை
அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அரிசி ஒன்று அளவுகூட இல்லை.
ஒரே மயிரில் இழுத்தது போல இரண்டு கோடு.
மற்றவர்கள் படங்களை நினைவில் புரட்டினேன்:
அத்தனை நாற்றும்
கட்டப்படாமலே கட்டாக நின்றது.

போன மாதம் ஆலைச் சாக்குகளுக்குப் புது முத்திரை.
எழுதியவள் தஸின்,
பஸ்ஸுக்குப் பின்னால் பூ வரைகிறவள், பத்தொன்பது வயது.
முத்திரையில் ஒரு நாற்றுமுடி,
சாதாரணப் பச்சை.
முடிச்சு மட்டும் இடது பக்கமாய்.
எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு
தனாக்கா காய்ந்த கன்னத்தைச் சொறிந்துகொண்டு
"எங்கேயோ" என்றாள்.

தினமும் ஐந்நூறு மூட்டை எண்ணுகிறான் வெள்ளையப்பன்.
பார்த்தானோ என்னவோ.
கணக்கு நோட்டில் அவன் பக்கம் அப்படியே இருக்கிறது:
நீலம் ஒன்று. பாக்கி.